பாட்டரி டவுன் மண்ணில் ஒரு ஸ்கிராஃபீட்டோ தட்டு

15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஃபெராரா, பொலோன்யா, பதுவா ஆகிய வட இத்தாலிய ஊர்களில் செய்த தட்டுகளின் உடைந்த விளிம்பைப் பாருங்கள்: உடல் சிவப்பு மண், மேலே மெல்லிய வெள்ளை மண் பூச்சு. பூச்சைக் கீறினால் அடிச் சிவப்பு கோடாகத் தெரியும்; இப்படிக் கீறி வரைவதுதான் ஸ்கிராஃபீட்டோ. வித்தை அவ்வளவுதான், எப்போது கீறுவது என்பதில்தான் தட்டு பிழைப்பதும் போவதும்.

பெங்களூருவில் குயவர்கள் வாழும் பாட்டரி டவுனில் சிவப்பு மண் கிடைக்கும். கரைத்து 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) சல்லடையில் வடிகட்டிவிடுங்கள். சுண்ணாம்புக் கல் துணுக்கு ஒன்று தங்கினாலும், சுட்டுச் சில நாள் கழித்து அந்த இடம் பொக்கென்று பெயரும்.

பூச்சுக்கு பால் கிளே (ball clay, பிசுபிசுப்பான வெளிர் களிமண்) 45, சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 30, ஃப்ரிட் (உருக்கி அரைத்த கண்ணாடிப் பொடி) 15, குவார்ட்ஸ் (படிகக் கல் பொடி) 10 பங்கு. கிலோ பொடிக்குச் சுமார் 1 லிட்டர் தண்ணீர். பொடியைத் தண்ணீரில் தூவி, ராத்திரி ஊறவைத்து, 80 மெஷ்ஷில் வடிக்கவும். ஆப்ப மாவுப் பதம் வேண்டும்.

தட்டு தோல் பதத்தில், அதாவது நகம் பதியும், ஆனால் தட்டு வளையாது என்ற நிலையில் பூச்சை ஊற்றிச் சுழற்றி மிச்சத்தை வடித்துவிடுங்கள். காய்ந்த தட்டில் ஊற்றினால் பூச்சு உரியும்: உடல் ஏற்கெனவே சுருங்கிவிட்டது, பூச்சு இனிமேல்தான் சுருங்கும். ஏப்ரலில் சில மணி நேரத்திலேயே இந்தப் பதம் தாண்டிவிடும்; பிளாஸ்டிக் கவர் போட்டு வையுங்கள்.

பூச்சின் ஈர மினுமினுப்பு போய், விரலில் ஒட்டாதபோது கீறவும். முந்தினால் கோட்டோரம் பிசிறு தட்டும், பிந்தினால் செதில் செதிலாகத் தெறிக்கும். கோட்டுக்கு மழுங்கிய ஊசி, பின்னணியைச் சுரண்ட மூங்கில் சீவல். அந்த இத்தாலியக் குயவர்கள் பக்கவாட்டு முகம், இலை, வேலி என்று வரைந்தார்கள். சிக்குக்கோலம் பழகிய கைக்கு அந்த வளைவுகள் தண்ணீர் பட்ட பாடு. பிசிறை உடனே தொடாதீர்கள். முழுக்கக் காய்ந்தபின் தூரிகையால், முகமூடி போட்டுக்கொண்டு தட்டுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

முதல் சூடு 1000 டிகிரி செல்சியஸ், 600 வரை மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்றாமல். பிறகு பச்சைக்குக் காப்பர் கார்பனேட், பழுப்புக்கு இரும்பு ஆக்சைடு. சம அளவு ஃப்ரிட்டோடு நீரில் கரைத்து ஆங்காங்கே தொட்டு வையுங்கள். பச்சை கோட்டைத் தாண்டி வழிந்தால் துடைக்க வேண்டாம், அந்தக் காலத் தட்டுகளிலும் அப்படித்தான். மேலே ஈயமில்லாத, அடி தெரியும் கிளேஸ் (சுட்டதும் கண்ணாடியாகும் மேற்பூச்சு). இரண்டாம் சூடு கிளேஸ் டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 1040 முதல் 1060. பானைச் சூளை போதாது, மின்சூளை வேண்டும்.

அசலில் ஈய கிளேஸ். அதை நகலெடுக்கக் கூடாது. ஈயம் இல்லாவிட்டாலும் புளிப்பு பட்டால் செம்பு கசியலாம், ஆகவே ரசம், ஊறுகாய்க்கு இந்தத் தட்டு வேண்டாம். சுவரில் மாட்டத்தான் என்றால், பாத வளையத்தில் (தட்டின் அடி விளிம்பில்) கயிறு கோக்க 2 துளைகளைத் தோல் பதத்திலேயே போட்டுவிடுங்கள்.