தூர்ந்த துரவைத் தோண்டுவது: ஆதியாகமம் 26-ஐப் பழைய உரைகளோடு வாசிக்கும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேதபாட வகுப்போ அன்பியக் கூட்டமோ நடத்துகிறவர்களுக்காக எழுதியது இது. யூத உரைகாரர் ராஷி, ஆதித் திருச்சபை உரைகாரர் ஒரிஜன் போன்ற பெயர்களைப் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அவர்களை நேரடியாக எடுத்து வாசிப்பது எப்படி என்று யாரும் காட்டிக்கொடுப்பதில்லை. இரண்டாயிரம் ஆண்டு உரை மரபை மொத்தமாக அள்ள முயல வேண்டாம். ஒரே ஒரு பகுதியை எடுத்து, அதன்மேல் யார் யார் என்ன எழுதினார்கள் என்று கால வரிசையில் பாருங்கள். மரபு முழுவதும் அந்தத் துளை வழியாகவே தெரியும்.

பகுதி: ஆதியாகமம் 26:15-33. ஈசாக்கு துரவு தோண்டும் கதை: தகப்பன் ஆபிரகாமின் துரவுகளைப் பெலிஸ்தர் தூர்த்துவிட, ஈசாக்கு அவற்றை மறுபடி தோண்டுகிறார்; புதிதாகத் தோண்டியவற்றுக்கு கேரார் ஊர் மேய்ப்பர் சண்டைக்கு வர, துரவுகளுக்கு ஒவ்வொரு பெயர் வைக்கிறார். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. யூத உரைகாரர், கிறிஸ்தவ உரைகாரர் இரு தரப்பும் இதில் ஆழமாக இறங்கியிருக்கிறார்கள். வகுப்பில் இருப்பவர்களுக்கும் கிணறு தெரியும். தூர் வாருவது, ஊற்றுக்கண் அடைபடுவது, வறண்ட ஓடை மணலில் ஊற்று தோண்டுவது, தண்ணீர்ப் பங்குக்குச் சண்டை வருவது எல்லாம் இங்கே விளக்கம் தேவைப்படாத சொற்கள். அந்த அனுபவம் ஐரோப்பிய நூலகத்தில் உட்கார்ந்து இதை வாசிப்பவருக்குக் கிடைக்காது.

தேவையானவை

ஆறு முதல் எட்டுப் பேர். வாரம் ஒன்றரை மணி நேரம் வீதம் ஐந்து வாரம். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். ராஷி, இன்னொரு யூத உரைகாரரான ராம்பான், பழைய ரபிமார் (யூத வேத ஆசான்கள்) உரைகளின் தொகுப்பான ஆதியாகம ரப்பா மூன்றும் எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும் செஃபாரியா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் தேடி நேரம் போக்க வேண்டாம். நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஓர் உரைக்கு ஐந்து வாக்கியத்துக்கு மேல் போகாமல், எழுதியே கொண்டுவரச் சொல்லுங்கள். வாயால் சுருக்கிச் சொன்னால் சொல்கிறவரின் கருத்தும் உரைகாரரின் கருத்தும் பத்து நிமிடத்தில் கலந்துவிடும்.

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் வையுங்கள்: சீர்திருத்த சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 1995-இல் வந்த திருவிவிலியம் ஒன்று. வகுப்பில் ஒரே சபைக்காரர் மட்டும் இருந்தாலும் இரண்டும் வேண்டும்.

பிறகு, ஆளுக்கு ஒரு ஏ3 தாள். அதைக் குறுக்காக வைத்து நடுவில் 18 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரத்தில் கட்டம் போடுங்கள். இரு பக்கமும் 12 செ.மீ., மேலும் கீழும் ஏறக்குறைய 8 செ.மீ. மிஞ்சும். நடுக் கட்டத்தில் 15, 18-22 வசனங்களைக் கையால் எழுத வேண்டும். ஒரு செ.மீ.க்கு ஒரு வரி வீதம் எழுதினால் இடம் சரியாக இருக்கும். ஜெராக்ஸ் ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கையால் எழுதுகிறவரின் கண்ணில்தான் சொற்கள் தட்டுப்படும். வலது ஓரம் யூத உரைகளுக்கு, இடது ஓரம் கிறிஸ்தவ உரைகளுக்கு. மேல் ஓரம் பெயர்களின் பொருளுக்கு, கீழ் ஓரம் விடை கிடைக்காத கேள்விகளுக்கு.

இந்த அமைப்பு புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் உருவான லத்தீன் 'குளோசா ஒர்டினாரியா'வில் மூலம் நடுவிலும், உரை சுற்றிலும் வரிகளுக்கு இடையிலும் இருக்கும். வெனிஸில் தானியேல் போம்பர்க் 1516-17-இலும், திருத்தி 1524-25-இலும் அச்சிட்ட 'மிக்ராஓத் கெதோலோத்' என்ற ரபிமார் வேதாகமமும் இதே போன்றதே: நடுவில் எபிரேய மூலம், பக்கத்தில் அரமேய மொழிபெயர்ப்பு, சுற்றிலும் ராஷி முதலானோர். திருக்குறள் உரைக்கொத்து பார்த்துப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். மணக்குடவரும் பரிமேலழகரும் ஒரே குறளுக்கு வேறு வேறு உரை சொன்னால் குறள் பொய்யாகிவிடாது. அந்த மனநிலையோடு வந்தால் போதும்.

முதல் வாரம்: உரையைத் திறக்காதீர்கள்

முதல் நாள் மூலம் மட்டும். ஒவ்வொருவரும் மூன்று கேள்வி எழுத வேண்டும். விடை எழுதக் கூடாது. பழைய உரைகாரர் எவரும் சும்மா பேசவில்லை. மூலத்தில் ஓர் இடறல் இருக்கும், அதற்கு விடையாகவே உரை வரும். கேள்வியை அவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. அதை நாம் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தால் உரை திறந்துகொள்ளும். இல்லாவிட்டால் ராஷி ஓர் அகராதி மாதிரியும் ஒரிஜன் ஒரு கற்பனைக்காரர் மாதிரியும் தோன்றுவார்கள். வகுப்புகள் தோற்கும் முதல் இடம் இதுவே.

வரவேண்டிய கேள்விகள் சில: வறண்ட நாட்டில் கிணற்றை ஏன் மண் போட்டுத் தூர்த்தார்கள்? மொத்தம் எத்தனை துரவு? பெயேர்செபாவுக்கு ஆபிரகாம் 21-ஆம் அதிகாரத்திலேயே பெயர் வைத்திருக்க, 26-இல் மறுபடியும் ஏன்? இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுத என்ன அவசியம்?

அன்றே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, 19-ஆம் வசனம். பழைய மொழிபெயர்ப்பில் 'சுரக்கும் நீரூற்று' என்று இருக்கும். எபிரேயத்தில் 'பெஏர் மாயிம் ஹாயிம்', அதாவது 'உயிருள்ள நீரின் கிணறு'. ஊறி ஓடும் நீருக்கு அந்த மொழியின் வழக்கு அது, தமிழாக்கம் தவறல்ல. ஆனால் 'உயிர்' என்ற சொல் தமிழில் மறைந்துவிட்டதால் யோவான் 4:10-இன் 'ஜீவத்தண்ணீர்' இதன் எதிரொலி என்பது காதில் விழாது. பின்னால் வரும் உரைகள் பலவும் இந்த ஒரு சொல்லின்மேல்தான் நிற்கின்றன. தாளில் அதைச் சிவப்பில் எழுதுங்கள்.

இரண்டாம் வாரம்: ராஷியும் பெயர்களும்

ராஷி என்பது ரபி ஷெலோமோ இட்ஸ்ஹாகி என்பதன் சுருக்கம். 1040-1105, பிரான்சின் துருவா நகரம். அவர் மூலத்திலிருந்து ஒன்றிரண்டு சொல்லை எடுத்து வைத்து, உடனே உரை சொல்வார். பதவுரை பழகியவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி. 15-ஆம் வசனத்தில், படைகள் வந்தால் இந்தக் கிணறுகள் நமக்கே ஆபத்தாகும் என்று பெலிஸ்தர் நினைத்ததாகச் சொல்கிறார். நம் முதல் கேள்விக்கு நேர் விடை. இது அவர் சொந்தமாகச் சொன்னதல்ல, பழைய ரபிமார் மரபிலிருந்து எடுத்தது. ராஷியை வாசிக்கும்போது இரண்டையும் பிரித்துக் குறியுங்கள்: இது சொற்பொருளா, மரபுக் கதையா? ஆதியாகமம் 3:8-இல் தன் முறையை அவரே சொல்கிறார்: நேர்ப்பொருளுக்காகவும், சொல்லோடு பொருந்தி வரும் மரபுரைக்காகவும் மட்டுமே வந்தேன் என்று.

'சித்னா' என்ற துரவுப் பெயருக்கு (21-ஆம் வசனம்) அவர் தம் ஊர்ப் பழைய பிரெஞ்சில் 'நுயிஸ்மான்', அதாவது 'கெடுதல்' என்று ஒரு சொல் தருகிறார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வகுப்புகளில் இதையே செய்யலாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அந்தச் சொல்லுக்குத் தங்கள் வீட்டுச் சொல்லைச் சொல்லட்டும். பொருள் கூர்மையாகும்.

இனித் துரவுகளின் பெயர்கள். மேல் ஓரத்தில் நான்கு பத்திகள் போடுங்கள்: எபிரேயம், கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பு, தமிழ். ஏசேக்கு: எபிரேயத்தில் வாக்குவாதம், கிரேக்கத்தில் அநீதி, லத்தீனில் பொய்ப்பழி. சித்னா: 'சாத்தான்' என்ற சொல்லின் அதே வேர், குற்றஞ்சாட்டுதல், கிரேக்கமும் லத்தீனும் பகை என்கின்றன. ரெகொபோத்: மூன்றிலும் விசாலம். தமிழில் பெயர் பெயராகவே நிற்கிறது, பொருள் வெளியே தெரியாது.

33-ஆம் வசனத்துத் துரவின் பெயர்தான் (எபிரேயத்தில் 'ஷிபா') வகுப்பின் சிறந்த பாடம். கிரேக்கம் அதை 'ஆணை' என்கிறது. ஜெரோம் 'நிறைவு' என்கிறார். ரபிமார் 'ஏழு' என்று எடுக்கிறார்கள். மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டம். எபிரேயத்தில் 'ஷ'வும் 'ஸ'வும் ஒரே வடிவம். புள்ளி வலப்பக்கமா இடப்பக்கமா என்பதே வேறுபாடு. அந்தப் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் ஜெரோமுக்குப் பிந்திய காலத்தில், எபிரேய மூலத்தைப் படியெடுத்துக் காத்த மசோரேத்து அறிஞர்கள் இட்டவை. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதால் நம் உரையாசிரியர்களுக்குப் பாடபேதம் வந்ததே, அதே கதை. இதைச் சொன்னால் 'யார் வேதத்தைத் திருத்தினது' என்ற சந்தேகம் எழாது.

மூன்றாம் வாரம்: எண்ணிப் பார்த்தல்

வகுப்பைத் துரவுகளை எண்ணச் சொல்லுங்கள். நான்கு என்பார்கள் சிலர், ஐந்து என்பார்கள் சிலர். 19-இல் கண்ட ஊற்றும் 20-இல் பெயரிட்ட ஏசேக்கும் ஒன்றா, வேறா என்பதில்தான் பிசகு. எண்ணி முடித்த பிறகு ஆதியாகம ரப்பா 64-ஆம் பகுதியைத் திறங்கள். அங்கேயும் அதே தகராறு. நான்கு என்கிறார் ரபி யூதா, வனாந்தரத்தில் இஸ்ரவேலர் பாளயத்தின் நான்கு கொடிகளுக்கு ஒப்பாக. மற்றவர்கள் ஐந்து என்கிறார்கள், தோராவின் ஐந்து நூல்களுக்கு ஒப்பாக: ஏசேக்கு ஆதியாகமம், சித்னா யாத்திராகமம், உயிருள்ள நீர் லேவியராகமம், ஏழு எண்ணாகமம், ரெகொபோத் உபாகமம். 'யூதர்கள் இப்படிச் சொல்கிறார்கள்' என்று ஒருமையில் பேசும் பழக்கத்தை நிறுத்த இந்த ஒரு பக்கம் போதும். கருத்து வேறுபாட்டை அழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே அந்த மரபின் வேலை.

அடுத்து ராம்பான், அதாவது மோசே பென் நாக்மான், 1194-1270. நம் கடைசிக் கேள்வியை அவர் வாய்விட்டே கேட்கிறார்: மேலோட்டமாகப் பார்த்தால் இந்தக் கதையால் பயனும் இல்லை, ஈசாக்குக்குப் பெருமையும் இல்லையே? பிறகு சொல்கிறார்: இது வரப்போவதன் குறிப்பு. ஏசேக்கு முதல் ஆலயம், சித்னா இரண்டாம் ஆலயம், ரெகொபோத் இனி சண்டையின்றிக் கட்டப்படப்போகும் ஆலயம். ஆதாரம்? எஸ்றா 4:6-இல் யூதாவுக்கு எதிராக எழுதப்பட்ட குற்றச்சாட்டுக்கு எபிரேயச் சொல் அதே 'சித்னா'. எரேமியா 17:13-இல் கர்த்தரே உயிருள்ள நீரின் ஊற்று. அவர் மனம்போன போக்கில் உருவகம் சொல்லவில்லை, சொல்லைச் சொல்லோடு பிணைக்கிறார். இரண்டு வசனங்களையும் எடுத்துப் பார்க்காமல் ராம்பானைத் தாண்டாதீர்கள்.

பெஷாத், ரெமெஸ், தெராஷ், சோத் என்ற நால்வகைப் பகுப்பை இங்கே அறிமுகம் செய்யலாம்: நேர்ப்பொருள், குறிப்பு, ஆய்ந்தெடுத்த மரபுப்பொருள், மறைபொருள். ஆனால் ஒவ்வோர் உரையையும் ஒரு பெட்டிக்குள் அடைக்க முயன்றால் ஒரு மணி நேரம் வீணாகும்.

நான்காம் வாரம்: ஒரிஜன்

ஒரிஜன் ஏறக்குறைய 185-254, அலெக்சாந்திரியா, பிறகு செசரியா. எபிரேயத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக அடுக்கி 'ஹெக்சாப்லா' செய்தவர். உங்கள் தாளின் மேல் ஓரம் அதன் சின்னப் பிள்ளை. ஆதியாகமத்தின் மேல் அவருடைய 13-ஆம் பிரசங்கம் இந்தத் துரவுகளைப் பற்றியது. நமக்கு ரூஃபினுஸின் லத்தீன் மொழிபெயர்ப்பாகக் கிடைத்திருக்கிறது.

அவர் பார்வையில் துரவு என்பது வேதம். அதை மண்ணால் தூர்ப்பவர்கள், மண்ணுக்குரிய பொருளோடு நின்று ஆவிக்குரிய பொருளை அடைப்பவர்கள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் ஆத்துமாவிலும் உயிருள்ள நீரின் கிணறு ஒன்று இருக்கிறது. மேலே விழுந்த மண்ணை வாரினால் தேவசாயல் மறுபடியும் தெரியும் என்கிறார். தூர் வாரின கிணற்றில் ஊற்றுக்கண் திறந்து நீர் கலங்கி, பிறகு தெளிவதைப் பார்த்தவர்கள் வகுப்பில் இருந்தால் அவர்களைப் பேச விடுங்கள். எந்த விளக்கக் குறிப்பும் அதற்கு ஈடாகாது.

இங்கே ஒரு பிழையைத் தடுக்க வேண்டும். 'மண்ணுக்குரிய பொருள்' என்று ஒரிஜன் சொல்வதில் யூத வாசிப்பின் மேல் ஒரு குத்து இருக்கிறது. அதை அப்படியே திருப்பிச் சொல்லாதீர்கள். போன வாரத் தாளைப் பக்கத்தில் வையுங்கள்: ராம்பானும் இதே கிணற்றை ஆலயமாகப் பார்த்தவர். 1263-இல் பார்சலோனாவில் கிறிஸ்தவத் தரப்போடு பொது விவாதத்தில் நின்ற அதே மனிதர். 'யூதர் எழுத்தோடு நிற்பவர், கிறிஸ்தவர் ஆவியைப் பார்ப்பவர்' என்ற பழைய வாய்ப்பாடு இந்தத் தாளின்முன் நிற்காது.

ஐந்தாம் வாரம்: திரும்பி வருதல்

லீராவின் நிக்கொலாஸ் (ஏறக்குறைய 1270-1349) பிரான்சிஸ்கன் துறவி. ராஷியை எபிரேயத்திலேயே வாசித்துத் தம் லத்தீன் உரையில் பெயர் சொல்லி எடுத்தாண்டவர். சபைச் சீர்திருத்தவாதி கால்வினின் ஆதியாகம உரை 1554-இல் வந்தது. உருவகத்தை விலக்கி நேர்ப்பொருளைப் பற்றி நிற்பவர். 21-ஆம், 26-ஆம் அதிகாரங்களில் பெயேர்செபா இரண்டு முறை பெயர் பெறுவதை 19-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் இரு வேறு மூலநூல்களின் தடயமாக வாசித்தார்கள். இவற்றுக்கு அரை மணி நேரம் போதும்.

மிச்ச நேரத்தை 19-ஆம் வசனத்து 'பள்ளத்தாக்கு'க்குக் கொடுங்கள். மூலச் சொல் 'நாஹல்', மழைக்கு ஓடி மற்ற நாளில் வறண்டு கிடக்கும் ஓடை. ஓடை மணலில் தோண்டினால் அந்த நீர் யாருடையது? தோண்டியவருடையதா, ஓடைக்கு உரிமை சொல்லும் ஊருடையதா? கேரார் மேய்ப்பர் 'தண்ணீர் எங்களுடையது' என்று சொன்னதில் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இந்தக் கேள்வியைக் கீழ் ஓரத்தில் எழுதுங்கள்.

அடுத்த பகுதிக்குப் போகும்போது எண்கள் மாறும், எச்சரிக்கை. ஆதியாகமம் 26 எல்லாப் பதிப்பிலும் ஒன்றே. ஆனால் நம் 31:55 எபிரேயத்தில் 32:1. யோவேல் 2:28 அங்கே 3:1. மல்கியா 4:1 அங்கே 3:19. சங்கீதங்களில் தலைப்பையும் எபிரேயம் வசனமாக எண்ணுவதால் நம் 51:1 அங்கே 51:3; லத்தீன் உரைகளில் அதே சங்கீதம் 50. உரை கிடைக்கவில்லை என்று முடிவு கட்டுமுன் முதலில் எண்ணைச் சரிபாருங்கள்.