நெருக்கு, நெரி, நசுக்கு: எங்கே தடுக்கி விழுகிறோம்?

ஒரு சட்டையின் உட்புறத்தில் தைத்திருந்த துண்டுச்சீட்டில் 'நசுக்க வேண்டாம்' என்று அச்சிட்டிருந்தது. சட்டையை யார் நசுக்கப் போகிறார்கள்? துவைத்த பிறகு முறுக்கிப் பிழியாதீர்கள் என்று சொல்ல வந்திருக்கிறார்கள். அகராதியில் ஒரே வரியில் கிடந்த நாலைந்து சொற்களில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டதால் வந்த வினை. நெருக்கு, நெரி, நசுக்கு, கசக்கு, பிழி, இறுக்கு, அமுக்கு எல்லாம் ஒரே குடும்பம் மாதிரித்தான் தெரியும். விசை கொடுத்தபின் அந்தப் பொருளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

பிழிந்தால் உள்ளே இருப்பது வெளியே வரவேண்டும்: சாறு, தண்ணீர், எண்ணெய் ஏதாவது. கசக்கினால் எதுவும் வெளிவரத் தேவையில்லை, சுருக்கம் விழுந்தால் போதும். நசுக்கினால் உருவமே போய்விடும். பெட்டியில் திணித்த சட்டை கசங்கும். அதே பெட்டிக்கு அடியில் மாட்டிய அட்டை டப்பா நசுங்கும். ஆட்களுக்கும் இதே கணக்குத்தான். வேலையில் 'கசக்கிப் பிழிகிறார்கள்' என்றால் உழைப்பை ஒரு சொட்டு விடாமல் வாங்குகிறார்கள். 'நசுக்குகிறார்கள்' என்றால் தலையெடுக்கவே விடவில்லை. மூளையைக் கசக்கலாம், கண்ணைக் கசக்கலாம். நசுக்கினால் கதையே வேறு.

அடுத்தது, என் கண்ணில் அதிகம் உறுத்துகிற எழுத்துப்பிழை. 'கழுத்தை நெறித்து', 'போக்குவரத்து நெறிசல்' என்று வல்லின றகரம் போட்டு எழுதுகிறார்கள். நெறி என்பது வழி, ஒழுங்கு: அறநெறி, நெறிமுறை. கழுத்துக்கும் கூட்டத்துக்கும் உரியது இடையின ரகரம் வரும் நெரி. கழுத்தை நெரித்தான், புருவத்தை நெரித்தாள், கூட்ட நெரிசல். இதற்கு நேர்மாறாக, இறுக்கத்தில் றகரம் வேண்டும். 'கயிற்றை இருக்கிக் கட்டு', 'இருக்கமான சட்டை' என்றெல்லாம் தட்டச்சு செய்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார்.

பெயர்ச்சொற்களிலும் ஒரு குழப்பம் உண்டு. 'நெருக்கமான கூட்டத்தில் சிக்கிக்கொண்டேன்' என்று எழுதினால், ஏதோ உறவினர்கள் சூழ்ந்துகொண்டார்கள் போலத் தொனிக்கிறது. நெருக்கம் என்றால் முதலில் மனசு ஞாபகத்துக்கு வருகிறது: நெருக்கமான நண்பர், நெருக்கமான உறவு. மூச்சு முட்டுகிற கூட்டம் என்றால் நெரிசல். பணமோ இடமோ நேரமோ போதாமல் திண்டாடினால் நெருக்கடி. இந்தியாவில் 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்ததை நெருக்கடி நிலை என்று சொல்வது இந்தப் பொருளில்தான். ஒருவர் நம்மை ஒரு முடிவுக்குத் தள்ளப் பார்த்தால் அது நெருக்குதல். நாலுக்கும் வேர் ஒன்று, இடம் மாற்றிப் போட்டால் வாக்கியம் நொண்டும்.

சரி, ஒற்றை எழுத்துக்கு வருவோம். நெருங்கு, நெருக்கு. நசுங்கு, நசுக்கு. கசங்கு, கசக்கு. அமுங்கு, அமுக்கு. சுருங்கு, சுருக்கு. தானாக நடந்தால் ங். யாரோ, எதுவோ செய்தால் க். 'தேர்வு நெருங்குகிறது' என்றால் தேதி பக்கத்தில் வந்துவிட்டது. 'தேர்வு நெருக்குகிறது' என்றால் தூக்கம் போய்விட்டது. இரண்டுமே பிழையில்லாத வாக்கியங்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இங்கே உதவாது, நாமேதான் பார்க்கவேண்டும். இறுகு, இறுக்கு என்ற ஜோடியில் மட்டும் ங் இல்லை. 'இறுங்கியது' என்று யாராவது எழுதினால் இந்த வாய்பாட்டை அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்று அர்த்தம். பிழி என்பதற்கோ தானாக நடக்கும் வடிவமே கிடையாது. துணி கசங்கியது என்பதுபோல 'துணி பிழிந்தது' என்று சொல்ல முடியாது. துணியைப் பிழிந்தாயிற்று என்று ஆள் வந்தாகவேண்டும்.

அப்புறம் அமுக்கு. இது கொச்சை, எழுத்துக்கு அழுத்துதான் என்று சிலர் கண்ட இடத்திலெல்லாம் மாற்றிவிடுகிறார்கள். பொத்தான் விஷயத்தில் பரவாயில்லை, அழுத்தலாம். ஆனால் தமிழ்நாட்டில் இரத்த அழுத்தம் என்பதை இலங்கையில் குருதி அமுக்கம் என்றே எழுதுகிறார்கள். இங்கே காற்றழுத்தத் தாழ்வு, அங்கே தாழமுக்கம். அங்கிருந்து வந்த கட்டுரையில் இதைப் பிழை என்று திருத்துவது நம் அறியாமை.

தவிர, அமுக்குவதற்கு அழுத்தத்தால் செய்ய முடியாத வேலைகள் உண்டு. கடன் வாங்கிய பணத்தை அமுக்கிவிடுவார்கள், ஓடுகிற திருடனை அமுக்கிப் பிடிப்பார்கள். ஒருமுறை ஒரு கட்டுரையில் 'விபத்துச் செய்தியை அழுத்திவிட்டார்கள்' என்றிருந்தது. 'அமுக்கிவிட்டார்கள்' என்று திருத்தினேன். பேச்சுவழக்காக இருக்கிறதே என்று எழுதியவர் தயங்கினார். அப்படியானால் 'மூடி மறைத்துவிட்டார்கள்' என்று போடுங்கள், செய்தியை அழுத்த மட்டும் வேண்டாம் என்றேன்.