கோயில்காட்டைக் கேட்டு எழுதுவது எப்படி

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்களில் சுற்றிலும் தைலமரமும் சீமைக்கருவேலும் நிற்க, நடுவில் இரண்டு மூன்று ஏக்கரில் வேறொரு காடு நிற்கும். வீரை, காசான், உலக்கைப்பாலை என்று நெருக்கி வளர்ந்த மரங்கள். சித்திரை வெயிலிலும் உள்ளே தரை குளிர்ந்திருக்கும். கிழக்குக் கரையோரம் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின், அதாவது மழை குறைந்த இடத்திலும் ஆண்டு முழுக்கப் பசுமையாக நிற்கும் காட்டின், மிச்சம் அது. அய்யனார் இருக்கிறார் என்று ஊர் நம்பியதால்தான் அது இன்னும் நிற்கிறது.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பல வருடமாக இந்தக் காடுகளைப் பற்றி எழுதி வைக்கிறேன். உங்கள் ஊர்க் காட்டையும் நீங்கள் எழுத வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் தடவை அளவு நாடாவும் மரப் பட்டியலும் எடுத்துக்கொண்டு நேராகக் காட்டுக்குள் போய்விட்டேன். பூசாரி ஐயா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பேசவும் இல்லை. இரண்டு நாளில் மரங்களை எண்ணி முடித்தேன். அந்தக் காடு ஏன் நிற்கிறது என்பதற்கு என் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. அதனால் முதலில் காட்டுக்குப் போகாதீர்கள். பூசாரி வீட்டுக்குப் போங்கள். எந்தக் கிழமை வரலாம், எந்த வழியாக நுழையலாம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் ஊரில் எல்லைக்கல்லுக்கு வெளியிலேயே அரிவாளையும் வைத்துவிட வேண்டும். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று அவரே கூட்டிப்போய்க் காட்டினால், அன்றைக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது கேள்வி. “ஏன் மரத்தை வெட்டுவதில்லை?” என்று கேட்டால், “அது சாமி காடு” என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். “யார் வெட்டினாங்க, அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். எங்கள் அப்பத்தா சொன்னது இது: கலப்பைக்கு ஒரு கிளை வெட்டிய ஒருவருக்கு அந்த வருடமே உழவு மாடு செத்தது. அவர் வெட்டிய கிளையைத் திரும்பக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டு, சேவல் அறுத்துக் கும்பிட்டார். உண்மையா என்று ஆராய வேண்டாம். அந்தக் கதைக்குள் ஒரு சட்டமும் தண்டனையும் பரிகாரமும் இருக்கின்றன, மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். விலக்குகளையும் கேளுங்கள். எங்கள் காட்டில் விழுந்த விறகைப் பொங்கல் அன்றைக்கு அங்கேயே எரிக்கலாம், வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. பாலைப் பழத்தைப் பொறுக்கித் தின்னலாம், உலுக்கி விழவைக்கக் கூடாது. யாரும் எழுதி வைக்காத இந்த நுணுக்கம்தான் காட்டைக் காத்திருக்கிறது.

அய்யனாருக்கு மண்குதிரை செய்து காணிக்கை வைக்கும் புரவியெடுப்பு விழா நடக்கும் ஊராக இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். ஊர் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், எடுத்து மண் வேலை செய்யும் வேளார் கையில் கொடுத்த பிறகுதான் அவர் குதிரை செய்யத் தொடங்குவார். குதிரைகளைக் காட்டுக்கு எடுத்து வந்து வரிசையாக நிறுத்துவார்கள். கழுத்து முறிந்தது, கால் கரைந்தது எதையும் அகற்றுவதில்லை. அந்த மண் மறுபடி அந்த மண்ணிலேயே சேரும். ஒரு பழைய குதிரையின் உடைந்த வயிற்றுக்குள் வீரை நாற்று இரண்டு இலை விட்டிருந்ததை நானே பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மரங்களை எழுதும்போது ஆடு மேய்க்கிறவர்களைக் கூட்டிப்போங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். தாவரவியல் பெயரைப் பிறகு சேர்க்கலாம். சாமியின் பெயரையும் கவனியுங்கள். குளமங்கலத்தில் வில்லுன்னி ஆற்றங்கரையில் இருப்பவர் பெருங்காரையடி மீண்ட அய்யனார். பெயரிலேயே காரை மரத்தடி இருக்கிறது. கண்மாய்க் கரையில் அய்யனார் இருந்தால், காட்டோடு தண்ணீர் வழியையும் எழுதுங்கள். ராத்திரி குதிரையேறி அவர் காவல் காப்பது அந்தக் கண்மாயையும் சேர்த்துத்தான்.

சரி, இதுவரை இனிமையான பகுதி. யார் உள்ளே போகலாம், யார் எல்லைக்கல்லோடு நிற்க வேண்டும், முதல் மரியாதை யாருக்கு, பெண்கள் எதுவரை வரலாம், இதையும் எழுதியே ஆக வேண்டும். மரத்தைக் காத்த அதே நம்பிக்கைதான் மனிதர்களை வரிசைப்படுத்தியும் வைத்தது. அதை விட்டுவிட்டுக் காட்டை மட்டும் புகழ்ந்து எழுதினால் பாதிப் பேருடைய காடு நோட்டில் இருக்காது. ஒவ்வொரு தெருவிலும் ஒருவரிடமாவது, அவர்கள் வாசலில் உட்கார்ந்து கேளுங்கள்.

இப்போது என்ன மாறுகிறது என்பதற்கும் ஒரு பக்கம் வையுங்கள். என் கண் முன்னாலேயே ஒரு காட்டில் சிமெண்டு மண்டபமும் டைல்ஸ் தரையும் வந்தன. வாகனம் திரும்ப வேண்டும் என்று ஆறு பாலை மரங்கள் போயின. பக்தி குறைந்து அது நடக்கவில்லை. பணம் வந்ததும், சாமிக்குக் கட்டடம்தான் பெருமை என்ற எண்ணமும் கூடவே வந்தது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

காகிதம் பார்ப்பது எளிது. ஊர் நிலங்களின் கணக்கு இருக்கும் கிராம அ-பதிவேட்டில் அந்தப் புல எண் (சர்வே எண்) எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அரசின் மின்சேவைத் தளத்திலும் பார்க்கலாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்கள் நோட்டை அவர்களுடைய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள், கிராம சபையிலும் பேசுங்கள். 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோவில் காட்டை அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அது 4.97 ஹெக்டேர்தான், ஏறத்தாழ 12 ஏக்கர். காடு சிறியது என்று தயங்க வேண்டியதில்லை. மூலிகை இருக்கும் இடத்தையும் பழைய சிலை இருக்கும் இடத்தையும் மட்டும் யாரும் பார்க்கும் இடத்தில் எழுதாதீர்கள்.

எல்லாம் எழுதிய பிறகு ஊர் கூடும் இடத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நாங்கள் படித்தபோது பின்னால் நின்ற ஒரு பாட்டி, “பறை அடிச்சவங்க எந்த மரத்தடியில நிப்பாங்கன்னு எழுதலையேம்மா” என்றார். மறுநாள் அவரே வந்து காட்டினார். எல்லைக்கல்லுக்கு வெளியே நிற்கும் இலுப்பை. எங்கள் பட்டியலில் இல்லாத மரம் அது. அன்றைக்கே சேர்த்து எழுதி, நோட்டின் நகல் ஒன்றைப் பூசாரி வீட்டிலும் இன்னொன்றை அந்தப் பாட்டி வீட்டிலும் கொடுத்தோம்.