எட்டோஷாவுக்கு ஐந்து பேர், ஒரே வண்டி: நீங்களாவது இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கல்லூரி நண்பர்கள் இருபது வருஷம் கழித்து எங்காவது போகலாம் என்று வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்தால் அது பெரும்பாலும் ஏற்காட்டோடு முடிந்துவிடும். எங்கள் பேச்சு எப்படியோ நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்கா வரை போய்விட்டது.

முதல் தவறு வண்டியில். மேலே கூடாரம் வைத்த டபுள் கேபின் பிக்கப்பைத்தான் அங்கே வாடகைக்குத் தருகிறார்கள், இரண்டு கூடாரம், ஒன்றுக்கு இரண்டு பேர். ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்டா’ என்று ஐந்து பேர் ஏறினோம். படுக்க இடம் போதாது என்பதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது: கூடாரம் வண்டியின் தலையில் இருப்பதால் அதை மடித்துக் கட்டாமல் வண்டியை நகர்த்தவே முடியாது. பூங்காவுக்குள் நாம் தங்கும் முகாமின் கதவு சூரியன் உதிக்கும்போது திறக்கும், மறையும்போது மூடிவிடும், சிங்கம் நடமாடுவதைப் பார்க்க நல்ல நேரம் விடிந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான். அந்த நேரத்தில் நாங்கள் டீ குடித்துக்கொண்டு, யார் ஏறி மடிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நான்கு பேருக்கு மேல் என்றால் இரண்டு வண்டி எடுங்கள், அல்லது தரையில் போடும் டென்ட் வாங்குங்கள்.

அடுத்தது தூரம். தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து பூங்காவின் ஒகாகுயேஜோ முகாம் சுமார் 435 கிலோமீட்டர், நல்ல தார் ரோடு, ஐந்து மணி நேரத்தில் போய்விடலாம். அந்தக் கணக்கை அப்படியே பூங்காவுக்குள் போட்டதுதான் தப்பு. உள்ளே வேக வரம்பு 60. ஒகாகுயேஜோவிலிருந்து அடுத்த கோடியில் இருக்கும் நமுடோனி முகாம் சுமார் 140 கிலோமீட்டர்தான் என்றாலும் வழியில் ஒவ்வொரு நீர்க்குட்டையிலும் நின்றால் முழு நாளும் போய்விடும், நிற்காமல் ஓட்டினால் அங்கே போனதற்கே அர்த்தமில்லை. நடுவில் ஹலாலி முகாமில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

ஜல்லி ரோட்டில் டயர் காத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், எவ்வளவு என்று வண்டி கொடுப்பவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வண்டி எடுக்கும் இடத்திலேயே ஒரு தடவை கழற்றிப் பாருங்கள், ஏனென்றால் பூங்காவுக்குள் முகாமையும் வேலி போட்ட கழிப்பறை இடங்களையும் தவிர வேறெங்கும் இறங்கக்கூடாது. வெளியே நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம், குடு மான் திடீரென்று குறுக்கே பாயும், அது மாட்டளவு இருக்கும்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் என்று நினைத்து அரைக்கை சட்டையோடு ஜூலையில் போனோம். பகலில் சரி. ராத்திரி நடுங்கினோம். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் வேண்டும்.

சாப்பாட்டையும் செருப்பையும் வெளியே வைத்துவிட்டுத் தூங்காதீர்கள், குள்ளநரி தூக்கிக்கொண்டு போய்விடும். ஹலாலியில் ஹனி பேட்ஜர் என்ற சின்ன, முரட்டு மிருகம் வந்து குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கிறது, பார்க்கக் குட்டியாக இருக்கிறதே என்று கிட்டே போக வேண்டாம். மீந்த பச்சை இறைச்சியோடு தெற்கே திரும்ப முடியாது, மாடுகளுக்கு வரும் கோமாரி நோய் பரவாமலிருக்க வாசலில் சோதித்து வாங்கிவிடுவார்கள். தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

நல்ல விஷயம் ஒன்று: நம் ஊர் மூன்று முள் பிளக், பெரியதும் சரி சிறியதும் சரி, அங்கே புழக்கத்தில் இருப்பதுதான். அடாப்டருக்கு நாங்கள் செலவழித்தது தண்டம்.

கடைசியாக, பழைய நண்பர்களாலேயே வரும் தவறு. ஒகாகுயேஜோ முகாமை ஒட்டி ராத்திரி முழுக்க விளக்கெரியும் நீர்க்குட்டை இருக்கிறது, கருப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே போய் ஹாஸ்டல் கதையை ஆரம்பித்தோம். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பாட்டி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மறுநாள் கதை பேச விரும்பியவர்களை அடுப்புப் பக்கம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் கம்பளியோடு போய் உட்கார்ந்தோம், பதினோரு மணிக்கு மேல் தாயும் குட்டியுமாக இரண்டு காண்டாமிருகங்கள் வந்தன. அடுப்புக்காரர்கள் இன்றுவரை நம்பவில்லை.