பாஸ்கெட்பால் ஜிஎம்: டிராஃப்ட்டிலும் அணி அமைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்கெட்பால் ஜிஎம் என்பது நீங்கள் ஒரு கூடைப்பந்து அணியின் மேலாளராக இருக்கும் கணினி விளையாட்டு; இதில் பந்து உங்கள் கைக்கு வருவதே இல்லை. யாரை எடுப்பது, யாரை அனுப்புவது, யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம் தருவது என்பவைதான் உங்கள் கையில் இருப்பவை. ஓவரால் (இன்றைய மொத்தத் திறன்), பொட்டென்ஷியல் (பின்னால் எட்டக்கூடிய திறன்), வயது, சம்பளம், ஒப்பந்தம் முடியும் ஆண்டு என்று ஒவ்வொரு வீரரின் பெயருக்கு எதிரேயும் ஐந்தாறு எண்கள் நிற்கும். அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுப்பதிலிருந்துதான் இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன. கீழே உள்ள விவரங்கள் எல்லாம் விளையாட்டின் இயல்பு அமைப்புக்கு, அதாவது சாஃப்ட் கேப் (சில விலக்குகளோடு தாண்டக்கூடிய சம்பள வரம்பு) உள்ள லீக்குக்குப் பொருந்தும்.

பொட்டென்ஷியலை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது

டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. அதன் பட்டியலைப் பொட்டென்ஷியல் வரிசையில் அடுக்கி, மேலே நிற்பவரை அப்படியே எடுத்துவிடுவது மிகப் பரவலான பழக்கம். பொட்டென்ஷியல் என்பது வெறும் கணிப்பு. அது நிலையான உச்சவரம்பும் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் வீரரின் வளர்ச்சியைப் பொறுத்துப் புதிதாகக் கணக்கிடப்படும். 19 வயதில் ஓவரால் 44, பொட்டென்ஷியல் 68 என்று காட்டும் பையன் 21 வயதிலும் 46-இல் நின்றால், அந்த 68-உம் கூடவே சரிந்திருக்கும்.

இந்த விளையாட்டின் அளவுகோலில் 40-களில் இருப்பவர் பெஞ்ச் வீரர், 50-களில் இருப்பவர் தொடக்க ஐவரில் ஆடக்கூடியவர், 60-களில் ஆல்-ஸ்டார், 70-களில் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) தரம். டிராஃப்ட்டுக்கு வரும் பெரும்பாலோர் முதல் நாளிலேயே உங்களுக்கு உதவும் நிலையில் இருக்க மாட்டார்கள். எனவே வயதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இருவருக்கும் ஓவரால் சமமென்றால் இளையவரை எடுங்கள். 19 வயதில் 45 என்பதும் 22 வயதில் 45 என்பதும் ஒன்றல்ல. பொட்டென்ஷியலும் வயதும் சமமென்றால் இன்றைய ஓவரால் கூடுதலாக உள்ளவரை எடுங்கள். அவர் கடக்க வேண்டிய தூரம் குறைவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. திரையில் தெரியும் ரேட்டிங் வீரரின் உண்மையான ரேட்டிங் அல்ல. விளையாட்டு வேண்டுமென்றே அதில் ஒரு பிழையைக் கலந்து காட்டுகிறது. அந்தப் பிழை மிக அதிகமாக இருப்பது டிராஃப்ட் வீரர்களிடம். லீக்கில் ஆண்டுகள் கூடக் கூடக் குறையும். ஆகவே 66-க்கும் 64-க்கும் இடையிலான வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஓர் இடம் முன்னேறுவதற்காக இன்னொரு பிக்கை (டிராஃப்ட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை) கூடுதலாகக் கொடுப்பது வீண். அமெரிக்காவின் உண்மையான கூடைப்பந்து லீக்கான என்பிஏ-விலும் இதே நிச்சயமின்மைதான். 2013-இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர் ஆன்டனி பென்னட். பின்னாளில் இருமுறை எம்விபி ஆன யானிஸ் அன்டெட்டகும்போ அதே டிராஃப்ட்டில் 15-ஆவதாகப் போனார். அடுத்த ஆண்டு நிகோலா யோகிச் 41-ஆவது இடம்வரை காத்திருந்தார்.

இரண்டாம் சுற்றை வீணாக்குவது

இரண்டாம் சுற்றில் "உடனே ஆடுவார்" என்று 22 வயது, 42 ஓவரால், 45 பொட்டென்ஷியல் உள்ள ஒருவரை எடுப்பதில் பயனில்லை. அதே தரத்து ஆட்கள் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாதவர்) பட்டியலில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கே கிடைப்பார்கள். அங்கே கிடைக்காதவர், இன்று 35-இல் நிற்கும் ஆனால் பொட்டென்ஷியல் 55 காட்டும் 19 வயதுப் பையன். அவரை எடுங்கள்.

பலர் கவனிக்காத விதி ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. புதிதாக டிராஃப்ட் செய்த வீரரின் ஒப்பந்தம் வழக்கமான சீசன் தொடங்கும்வரை உறுதியானதல்ல. அதற்குள் விலக்கினால் ஒரு காசும் தர வேண்டியதில்லை. வீரர்களின் ரேட்டிங் ஏறி இறங்குவதோ அதற்கு முன்பே, ப்ரீசீசன் கட்டத்தில் நடந்துவிடுகிறது. ஆக, அந்தப் பையனுடைய முதல் வளர்ச்சியைச் செலவில்லாமல் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 35 என்பது 40 ஆனால் வைத்துக்கொள்ளுங்கள். 33 ஆனால் சீசன் தொடங்குவதற்குள் விலக்கிவிடுங்கள். டிராஃப்ட் முடிந்த கையோடு ரோஸ்டரை (அணியின் வீரர் பட்டியலை) "சுத்தம்" செய்பவர்கள் இந்த வாய்ப்பைத் தாங்களே மூடிவிடுகிறார்கள்.

ஆழம் என்ற பெயரில் சராசரி அணியைக் கட்டுவது

அணியின் வலிமையைக் கணக்கிடும்போது விளையாட்டு முதல் பத்து வீரர்களை ஓவரால் வரிசையில் அடுக்கி, மேலிருந்து கீழாக எடையைக் குறைத்துக்கொண்டே போகிறது. முதலாமவரின் எடை சுமார் 0.44, அடுத்தடுத்தவருக்கு ஏறத்தாழ 17 சதவீதம் வீதம் குறைந்து, பத்தாமவருக்கு 0.08 மட்டுமே மிஞ்சுகிறது. உங்கள் சிறந்த வீரர் 10 புள்ளி உயர்ந்தால், ஓர் ஆட்டத்தில் எதிரணியைவிட எடுக்கும் சராசரிப் புள்ளி வித்தியாசம் 4.4 கூடும். பத்தாமவர் அதே 10 புள்ளி உயர்ந்தால் கூடுவது 0.8.

இதை ஒரு ட்ரேடில் (அணிகளுக்கிடையிலான வீரர் பரிமாற்றத்தில்) வைத்துப் பாருங்கள். உங்கள் முதல் பத்துப் பேர்: 62, 58, 55, 55, 55, 48, 46, 45, 44, 42. இதில் இரண்டு 55-களைக் கொடுத்து ஒரு 68-ஐ வாங்குகிறீர்கள்; காலியான இடத்தில் 42 உள்ள ஒரு பெஞ்ச் வீரர் ஏறுகிறார். இப்போது பட்டியல்: 68, 62, 58, 55, 48, 46, 45, 44, 42, 42. இரண்டு பட்டியல்களின் கூட்டுத்தொகையும் 510தான். ஆனால் எடை போட்டுக் கணக்கிட்டால் இரண்டாவது அணி ஆட்டத்துக்குச் சுமார் 2.8 புள்ளி மேலே நிற்கிறது. ப்ளேஆஃப் ஓரத்தில் தடுமாறும் அணியைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக அது போதும்.

எனவே, ஒருவரைக் கொடுத்து மூவரை வாங்கும் ட்ரேட் வந்தால், அந்த ஒருவர் உங்கள் முதல் மூவரில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால், வருகிற மூவரும் எவ்வளவு நல்லவர்களாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் நீங்கள்தான் இழக்கிறீர்கள். ரோஸ்டரின் 15 இடங்களில் கடைசி ஐந்து இந்தக் கணக்கில் வருவதே இல்லை. காயத்துக்கு மாற்றாக ஒருவரோ இருவரோ போதும். மற்ற இடங்களை வளரும் பையன்களுக்கு ஒதுக்குங்கள். அங்கே 33 வயது அனுபவசாலிகளை நிரப்பி வைப்பது இடத்தை அடைப்பது மட்டுமே.

ஒப்பந்தம் போடும் நேரத்தை மறப்பது

ரேட்டிங் மாறுவது ப்ரீசீசனில் என்று மேலே சொன்னோம். மறு ஒப்பந்தமும் ஃப்ரீ ஏஜென்சியும் அதற்கு முன்பே முடிந்துவிடும். அதாவது போன சீசனின் ரேட்டிங்கைப் பார்த்து வரும் சீசனுக்குச் சம்பளம் தருகிறீர்கள். 24 வயது வீரரிடம் இது சாதகமாகவே முடியும். அவர் இன்னும் ஏறக்கூடியவர். 32 வயதுக்காரருக்கு 61 ஓவராலைப் பார்த்து ஐந்து ஆண்டுகள் எழுதிக் கொடுத்தால், மை காய்வதற்குள் அவர் 57 ஆகியிருக்கலாம். முப்பதைத் தாண்டியவர்களுக்கு ஓர் ஆண்டு, மிஞ்சினால் இரண்டு ஆண்டுகள். அதற்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள்.

விலக்கிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணமும் தவறு. விலக்கிய வீரரின் மீதிச் சம்பளம், ஒப்பந்தம் முடியும்வரை உங்கள் கணக்கிலேயே நிற்கும். லக்சுரி டாக்ஸ் (அணியின் மொத்தச் சம்பளம் மிகும்போது விழும் வரி) வரம்பைத் தாண்டியிருந்தால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒன்றரை டாலர் வரி. ஆடாத ஒருவருக்காக வரி கட்டுவதைப்போல அணியை முடக்குவது வேறில்லை.

கேப் அருகில் இருக்கும்போது வரிசை முக்கியம். கேப்பைத் தாண்டிய பிறகும் உங்கள் சொந்த வீரரோடு மறு ஒப்பந்தம் போடலாம், குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆள் எடுக்கலாம், டிராஃப்ட் செய்தவரைச் சேர்க்கலாம். வெளியிலிருந்து பெரிய ஃப்ரீ ஏஜென்ட்டை எடுக்க முடியாது. ட்ரேடிலும் கொடுப்பதைவிடக் குறைவான சம்பளத்தைத்தான் வாங்க முடியும். ரூக்கி ஒப்பந்தத்தின் (டிராஃப்ட்டில் எடுத்த புது வீரரின் முதல் ஒப்பந்தத்தின்) அருமை இங்கேதான் தெரியும். முதல் சுற்று வீரர் மூன்று ஆண்டுகள், இரண்டாம் சுற்று வீரர் இரண்டு ஆண்டுகள் மலிவாகக் கிடைப்பார். அவர் 60-ஐத் தொட்டு இன்னும் ரூக்கிச் சம்பளம் வாங்கும் ஆண்டுகளில்தான் வெளியிலிருந்து ஒரு நட்சத்திரத்தைச் சேர்க்க இடம் இருக்கும். அந்த இடத்தைச் சுமாரான மூவருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

ஃப்ரீ ஏஜென்சி 30 நாட்கள் நடக்கும். நாளாக ஆகச் சம்பளக் கோரிக்கை இறங்கும். தொடக்க ஐவருக்கு ஆள் வேண்டுமென்றால் முதல் நாளே எடுங்கள், இல்லாவிட்டால் வேறு அணி கொத்திக்கொண்டு போய்விடும். பெஞ்சுக்கு என்றால் அவசரப்படத் தேவையில்லை.

கடைசி இடத்துக்காகத் தோற்பது

டிராஃப்ட்டில் யார் முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கும் லாட்டரி, 2019-இல் என்பிஏ கொண்டுவந்த முறையில் நடக்கிறது. கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் கிடைக்க ஆளுக்கு 14 சதவீதமே வாய்ப்பு. கடைசியில் முடித்த அணி ஐந்தாவது பிக்குக்குச் சரிய 47.9 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒரு சீசன் முழுக்க வேண்டுமென்றே தோற்றால் ரசிகர் ஆர்வமும் வருமானமும் விழும், உரிமையாளர் பொறுமை இழந்தால் வேலையே போகும். கடைசி மூன்றுக்குள் இருந்தால் போதும். அதற்கும் கீழே இறங்க நல்ல வீரர்களை அடிமாட்டு விலைக்கு விற்காதீர்கள்.

சில சிறிய தவறுகள்

பொசிஷன் பார்த்து டிராஃப்ட் செய்யாதீர்கள். "எனக்கு சென்டர் இல்லை" என்று ஓவராலும் பொட்டென்ஷியலும் குறைந்த ஒருவரை எடுப்பது நட்டம். கவனிக்க வேண்டியவை பெயருக்குப் பக்கத்தில் வரும் திறமைக் குறிகள்: பந்தைக் கையாள்பவர் ஒருவர், பாஸ் கொடுப்பவர் ஒருவர், மூன்று புள்ளி வீசுபவர்கள் குறைந்தது இருவர். ஆனால் இவற்றின் பலன் ஓவராலோடு ஒப்பிட்டால் சிறியது. சமமான இருவரில் யார் என்று தீர்மானிக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்கவுட்டிங் பட்ஜெட்டை ஏற்றுவது காட்டும் பிழையைக் கொஞ்சம்தான் குறைக்கும். அதே பணத்தைப் பயிற்சிக்குக் கொடுத்தால் அணியில் உள்ள எல்லாருடைய வளர்ச்சிக்கும் உதவும்.

ஒப்பந்தம் முடியப்போகும் வீரர் உங்களோடு மீண்டும் கையெழுத்திடத் தயாரா என்பது சீசன் நடக்கும்போதே அவருடைய மனநிலைப் பகுதியில் தெரியும். மறுக்கிறார் என்றால் ட்ரேட் கெடு முடிவதற்குள் அனுப்பி, ஒரு பிக்கோ ஒரு இளம் வீரரோ வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான சீசன் முடிந்த பிறகு அவரை ட்ரேட் செய்ய விளையாட்டு அனுமதிக்காது. ஒன்றும் வாங்காமலே அவரை இழப்பீர்கள்.