ட்ரெட்மில்லில் 5 கிலோமீட்டர், வாட்ச்சில் 4.25: எது சரி, எப்படிச் சரிசெய்வது?

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயாராகும் டர்பன்காரர்கள் பலர், பிப்ரவரிப் புழுக்கத்திலும் மே மாத விடியல் இருட்டிலும் ட்ரெட்மில்லில்தான் கிலோமீட்டர் சேர்க்கிறார்கள். இறங்கும்போது திரையில் 5.00 இருக்கும், கையில் 4.25 இருக்கும். வாரம் 60 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 5 சதவீதப் பிழை என்றாலே 3 கிலோமீட்டர் போய்விடும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியவர் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

முதலில் ஒன்று: இரண்டுமே நீங்கள் கடந்த தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. ட்ரெட்மில் தன் ரோலர் அல்லது மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, அதைத் தூரமாக மாற்றிக் காட்டுகிறது. வாட்ச் உங்கள் கை ஆடுவதை வைத்துக் காலடிகளை எண்ணி, ஒரு காலடி நீளத்தால் பெருக்குகிறது. ஆள் இடத்தைவிட்டு நகராததால் இங்கே ஜிபிஎஸ்ஸால் பயனில்லை. வாட்ச்சில் வெளி ஓட்டத்துக்கான பயன்முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினால், கூரைக்குக் கீழே தடுமாறும் சிக்னல் பொய்த் தூரத்தையும் சேர்த்துவிடும். உள்ளரங்கு அல்லது ட்ரெட்மில் என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

வாட்ச் எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம். நீங்கள் எதையும் மாற்றாதவரை பல வாட்ச்சுகள் உயரத்தை வைத்தே காலடி நீளத்தை ஊகிக்கின்றன. உயரத்தில் சுமார் 41 சதவீதம் என்பது பரவலான கணக்கு. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 68 சென்டிமீட்டர். அவரே 6 கிலோமீட்டர் வேகத்தில் விறுவிறுவென்று நடந்து நிமிடத்துக்கு 125 காலடி வைத்தால், உண்மையான காலடி 80 சென்டிமீட்டர். பெல்ட் 100 மீட்டர் ஓடியிருக்க, வாட்ச் 85 மீட்டர்தான் எழுதும். தலைப்பில் உள்ள 4.25 இப்படித்தான் வருகிறது. ஏற்றம் வைத்தால் நிலைமை தலைகீழாகும்: காலடி குறுகும், எண்ணிக்கை கூடும், வாட்ச் அதிகமாகக் காட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கை ஆடாததால் காலடிகளே பதிவாகாது. காலடிக் கணக்குக்குப் புள்ளி தரும் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டு) திட்டத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அதற்காக ட்ரெட்மில்லை அப்படியே நம்பிவிடவும் முடியாது. வித்தியாசம் சுமார் 1.6 மடங்கு என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒன்று மைலிலும் மற்றது கிலோமீட்டரிலும் காட்டுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷின்களில் இதை முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் பெல்ட்டை அளந்தே ஆக வேண்டும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதிலிருந்து டேப்பால் ஒரு மீட்டர் அளந்து அடுத்த கோடு. பெல்ட்டைக் கையால் நகர்த்தி, அங்கிருந்து இன்னொரு மீட்டர். முதல் கோடு திரும்பி வரும்வரை அளந்து, மிச்சத்தையும் கூட்டினால் பெல்ட்டின் முழு நீளம் கிடைக்கும். 2.80 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 சுற்று என்றால் 140 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 84 விநாடி பிடிக்க வேண்டும்.

இப்போது பிளக்கைப் போட்டு, வழக்கமாக ஓடுகிறவரையே ஏற்றி நடக்கவிடுங்கள். இன்னொருவர் பக்கத்தில் நின்று, முதல் கோடு ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி 'பூஜ்யம்' என்று தொடங்க வேண்டும். பலர் அங்கேயே 'ஒன்று' என்று எண்ணி, 49 சுற்றை 50 என்று எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற கோடுகளைச் சோதனைக்கு முன்பே அழித்துவிட்டால் குழப்பம் வராது. 84-க்குப் பதில் 88 விநாடி ஆனால் உண்மை வேகம் 5.73 கிலோமீட்டர்; திரை 5.00 காட்டும்போது நீங்கள் கடந்தது 4.77. இதையே 10 கிலோமீட்டர் வேகத்திலும் பாருங்கள். அங்கே 50.4 விநாடி வர வேண்டும். கண் எண்ணத் தடுமாறினால் போனில் ஸ்லோ மோஷன் எடுத்து எண்ணுங்கள்.

பிறகு ஆள் இல்லாமல் ஒரு தடவை. காலியாக ஓடும்போது சரியாகவும், ஆள் ஏறினால் மெதுவாகவும் இருந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது மோட்டார் திணறுகிறது. சென்சார் முன் ரோலரில் இருக்கும் மெஷினில் ரோலர் சுற்றிக்கொண்டே இருக்கும், மேலே பெல்ட் மட்டும் பின்தங்கும். திரைக்கு அது தெரியவே தெரியாது. பின்பக்க போல்ட் இரண்டையும் ஆலன் கீயால் கால் சுற்று, இரு பக்கமும் ஒரே அளவு, வலப்புறமாகத் திருகி மறுபடி சோதியுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் போய்விடும். பெல்ட்டுக்கு அடியில் காய்ந்திருந்தாலும் மோட்டார் திணறும். மேனுவல் எண்ணெய் போடச் சொன்னால் சிலிக்கோன் எண்ணெய் மட்டும் போடுங்கள், சமையல் எண்ணெயோ டபிள்யூடி-40-யோ வேண்டாம். நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிளைக் கழற்றி, சுவர்ப் பிளக்கிலேயே நேராகச் செருகிப் பார்ப்பதும் நல்லது. காலியாகவும் ஆளோடும் ஒரே அளவு தப்பு என்றால் அது மெஷினின் அமைப்பில் உள்ள பிழை. மேனுவலில் அளவுத்திருத்தப் பகுதி இருந்தால் அங்கே மாற்றுங்கள். இல்லையென்றால் பாதகமில்லை, 84-ஐ 88-ஆல் வகுத்து வரும் 0.955-ஐ ஒரு ஸ்டிக்கரில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து வாட்ச்சுக்குக் கற்றுத்தர வேண்டும். 400 மீட்டர் டிராக்கின் முதல் லேனில் ஒரு சுற்று, நீங்கள் ட்ரெட்மில்லில் நடக்கும் அதே வேகத்தில் நடந்து காலடிகளை எண்ணுங்கள். 500 வந்தால் காலடி 80 சென்டிமீட்டர். இரண்டாவது லேன் வேண்டாம், ஒரு சுற்றுக்கு 7 மீட்டருக்கு மேல் கூடிவிடும். ஓட்டத்துக்குத் தனியாக ஒரு சுற்று ஓடி எண்ணுங்கள். சில ஆப்களில் இந்த நீளத்தை நாமே எழுதலாம். அங்கே கேட்பது ஒரு குதிகாலிலிருந்து மறு குதிகால் வரையா, அதே கால் மறுபடி ஊன்றும்வரையா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மாறினால் தூரம் இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும்.

ஆப்பிள் வாட்ச்சுக்கு வெளியே சுமார் 20 நிமிட நடை போதும். டர்பன் கடற்கரை நடைபாதை இதற்கு வாகானது: சமதளம், திறந்த வானம். உயர்ந்த ஓட்டல் கட்டடங்கள் சிக்னலைத் தெறிக்கவிடும் என்பதால் கடலோரமாகவே நடங்கள்.

கார்மின் வாட்ச்சில் ட்ரெட்மில் ஓட்டம் முடிந்ததும் தூரத்தைத் திருத்திச் சேமிக்கும் வசதி வரும். அங்கே திரையில் கண்ட 5.00-ஐப் போடாதீர்கள், 0.955-ஆல் பெருக்கிய 4.77-ஐப் போடுங்கள். ஜிம்மிலோ ஓட்டலிலோ, பெல்ட்டை அளந்து பார்க்காத மெஷினில் ஓடிய நாளில் திருத்தமே வேண்டாம், வெறுமனே சேமியுங்கள். இத்தனைக்கும் பிறகு 2, 3 சதவீத வித்தியாசம் மிஞ்சினால் விட்டுவிடலாம். களைத்துப்போன கடைசிக் கிலோமீட்டரில் உங்கள் காலடியே அந்த அளவுக்குக் குறுகும்.