சேலத்தில் கே குறும்படம்: ஆபீஸ் போட்டிக் கதையைச் சொதப்பாமல் எடுப்பது எப்படி

மேலே ஏறுவதற்காக எதையும் செய்யத் துணிந்த ஒருவன், அவனிடம் ஏமாறும் இன்னொருவன், இருவருக்கும் நடுவில் ஆசை. குறைந்த காசில் எடுக்கும் கே அடல்ட் படங்கள் இந்தக் கதையைத் தொட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பணம் இல்லாததுதான் காரணம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் படங்களில் ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு டை, ஒரு லேப்டாப், அவ்வளவுதான். யாரும் வேலை செய்வதில்லை, யாருக்கும் எதுவும் பறிபோவதில்லை, பதவி வெறி வசனத்தில் மட்டும் இருக்கிறது.

அதனால் முதலில் வேலையை முடிவு செய்யுங்கள். கண்ணாடிக் கட்டடம் தேடி அலைய வேண்டாம். சேலத்தில் ஜவ்வரிசி வியாபார ஆபீஸ் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்குங்கள். ஒருவன் சாம்பிள் பாக்கெட்டைப் பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் வெண்மை பார்க்கிறான். சரக்கு வாங்கும் டெண்டருக்கு அவன் குறித்து வைத்த விலையை, முந்தின ராத்திரி அவனோடு இருந்தவன் ஓரக்கண்ணால் படித்துவிடுகிறான். மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கூட்டி எழுதி, சரக்கைத் தன் முதலாளிக்குப் பிடித்துக் கொடுத்து மேனேஜர் ஆகிறான். இது போதும். ஆசையும் துரோகமும் ஒரே துண்டுச் சீட்டில் வந்துவிட்டதால் வில்லச் சிரிப்பெல்லாம் தேவைப்படாது.

எதுவரை காட்டலாம் என்பதையும் எழுதும்போதே தீர்மானியுங்கள். 2018 செப்டம்பர் 6 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, வயது வந்த இரண்டு ஆண்கள் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றம் இல்லை. ஆனால் அப்பட்டமான உடலுறவுக் காட்சியை இணையத்தில் போடுவது வேறு விஷயம்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். கதவு மூடும் இடத்தில் கட் பண்ணுங்கள், கதைக்கு ஒன்றும் குறையாது.

படம் மலிவாகத் தெரிவது கேமராவால் அல்ல, சத்தத்தால். ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சட்டைக்குள் காலர் மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள், சேலம் வெயிலில் வியர்த்தாலும் பரவாயில்லை, அந்த வியர்வை காட்சிக்கு நல்லதுதான். யாரும் பேசாமல் அந்த அறையின் சத்தத்தை மட்டும் அரை நிமிஷம் தனியாக எடுத்து வையுங்கள், எடிட்டிங்கில் கைகொடுக்கும். டியூப் லைட் மினுமினுத்தால் ஷட்டரை 1/50 வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்.

கம்பெனி டூர் என்று ஏற்காட்டுக்குப் போகிற காட்சி வைத்தால் வார நாளில் போங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த உடனே நடிக்கச் சொல்லாதீர்கள், பாதிப் பேருக்குத் தலை சுற்றும். தெரிந்தவர் காபி எஸ்டேட்டில் அனுமதி வாங்குங்கள், காட்டுப் பகுதி என்றால் வனத்துறையைக் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. பனி வந்தால் ஒரே காட்சிக்குள் வெளிச்சம் மாறிவிடும், அதனால் முக்கியமான வசனத்தை முதலில் எடுத்து முடியுங்கள்.

நடிகர்கள் விஷயத்தில்தான் எனக்குக் கறாரான கருத்து உண்டு. மேலதிகாரி கீழே இருப்பவனைப் பயன்படுத்திக்கொள்வதைத் தப்பு என்று படம் எடுக்கிற நீங்கள், "இன்னும் கொஞ்சம் நெருக்கமாக" என்று செட்டில் வைத்து ஒரு புதுப் பையனை நெருக்கினால் அந்த மேலதிகாரியும் நீங்களும் ஒன்றுதான். எல்லாரும் 18 தாண்டியவர்களா என்று அடையாள அட்டை பாருங்கள். எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை முன்கூட்டியே பேசி, எழுதி, ஒத்திகை பாருங்கள். நெருக்கமான காட்சியின்போது தேவையில்லாத ஆட்கள் வெளியே நிற்கட்டும். வீட்டில் இன்னும் சொல்லாதவர் யாராவது நடித்தால், டைட்டிலில் எந்தப் பெயர் போடலாம், போஸ்டரில் முகம் வரலாமா என்று அவரிடமே கேளுங்கள். ஃபைனல் கட்டை அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு அப்லோட் பண்ணுங்கள்.